ஏழு போடாத இடங்கள்

ஒரு கையேடு வாங்கி வரப் போகிறேன் என்றுதான் பினாங்கில் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதை எழுதியவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது என்பது, தூத்துக்குடியில் இறங்கி முதல் கருப்பட்டிக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

கடலுக்கடியில் பாறையை வெடிவைத்து உடைக்கும்போது எங்கே துளை போட்டோம், எவ்வளவு மருந்து வைத்தோம், பிறகு என்ன ஆயிற்று என்று கணக்கு வைக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. எழுதியவர் ஞானராஜ், நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் கடல் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் இன்ஜினியர். ஒருமுறை பினாங்கு வந்தபோது எங்களுக்கும் அதைக் கொடுத்துவிட்டு, கையேடு பின்னால் வரும் என்று சொல்லிப் போனார். வரவில்லை. எங்கள் கடலிலும் வெடி வேலை தொடங்கப் போகிறது; புரோகிராமில் பாதிக் கட்டங்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வயது இருபத்துமூன்று. எங்கே போகச் சொன்னாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

பஸ் நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்தவர் ஆறுமுகம். ஞானராஜிடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"நெஞ்சுவலி தங்கச்சி. கார்டுப் பெட்டியத் தூக்கிட்டு வந்தாரு. வச்சாரு. உக்காந்தாரு. அவ்வளவுதான். போயிட்டார்லா."

பினாங்கில் நாங்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடுவோம். இங்கேயும் போடுகிறார்கள். வேறு நேரமாக இருந்தால் குஷியாகியிருப்பேன்.

"அப்போ கையேடு?"

"இருக்கு. படிக்கத்தான் ஆளு இல்ல. ஆளுன்னா மனுசன் இல்ல. மிஷின்."

கம்பெனி வேலையைப் பாதியில் கைவிட்டுக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் ஒரு காவலாளி, ஆறுமுகம், கம்ப்யூட்டர் அறை. வெளியே உப்புக்காற்று கொதித்தது. உள்ளே ஏர்கண்டிஷனர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையாம். தரையில் நான்கு வெளிறிய செவ்வகங்கள். வாடகைக்கு விட்ட வெளிநாட்டுக் கம்பெனி ஒப்பந்தம் முடிந்ததும் இயந்திரத்தைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் செவ்வகங்கள் மேல் கால்படாமல் ஆறுமுகம் சுற்றி நடந்தார். என்னை அறியாமல் நானும் அப்படியே நடந்தேன். மேசையில் பதிவேடு இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் கையெழுத்து: 'இயந்திரம்: இல்லை. கோளாறு: இல்லை.'

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு பெட்டி நிறையத் துளைக் கார்டுகளைத் திறந்து காட்டினார். பாறையில் போட்ட ஒரு துளைக்கு ஒரு கார்டு. கார்டின் ஓட்டைகளுக்கு மேலேயே எண்களும் அச்சாகியிருக்கும். கண் இருக்கிற எவரும் படிக்கலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்கே இத்தனை அடி, வடக்கே இத்தனை அடி, ஆழம், மருந்தின் எடை. கடைசியில் ஒரு கட்டம். அநேகமாக எல்லாக் கார்டிலும் அதில் 7. சிலவற்றில் வெறுமை.

அந்த ஏழுக்கு என்ன அர்த்தம் என்பது கையேட்டில் இருக்கிறது. கையேடு கம்ப்யூட்டர் டேப்பில் இருக்கிறது. டேப்பில் அது அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் சொந்த முறையில் மடக்கிச் சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுடைய இயந்திரத்தில் அவர்களுடைய புரோகிராமைப் போட்டால்தான் விரியும். அந்த முறையைச் சொல்லுங்கள் என்று ஆறுமுகம் இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். அது எங்கள் சொத்து, வேண்டுமானால் புது இயந்திரம் வாடகைக்கு எடுங்கள் என்று அழகான தாளில் பதில் வந்திருக்கிறது.

"ஏன் அண்ணே அதுல போய் வச்சாரு?"

"அழகு தங்கச்சி. அச்சடிச்சா ரெண்டு ஓரமும் நூல் பிடிச்ச மாதிரி வரும். தாளக் கரையான் திங்கும், டேப்பு பேரன் காலத்துக்கும் நிக்கும்னு அந்தக் கம்பெனிக்காரன் சொன்னான். சார் நம்பிட்டாரு."

நானும் நம்பியிருப்பேன். போன வருஷம் எங்கள் அலுவலகக் கையேட்டை அதே மாதிரி ஒன்றில் போட வேண்டும் என்று சண்டை போட்டவள் நான்தான்.

பிறகு ஆறுமுகம் என்னை உட்காரச் சொன்னார். வெடிவைத்த அந்தப் பாறைத்திட்டு, சங்கு விளைகிற பழைய பார். வேலை நின்றுபோனதால் சங்கு குளிப்பவர்களுக்கு இந்த வருஷம் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை குளி தொடங்குகிறது. வெடிக்காத மருந்து கிடக்கலாம் என்று பேச்சு வந்ததால் சங்கு அலுவலக அதிகாரி இவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"ஏழு போட்டதுதான் ஆகாத இடம்னு சொன்னேன். கையேட்ட நான் படிக்கல. டைப் அடிச்சது, திருத்துனது எல்லாம் சாரு. நான் டேப்ப மாட்டுறவன். நானாத்தான் சொன்னேன். ஒரு இடத்துல குறி போட்டா எச்சரிக்கைக்குத்தான போடுவாங்க? அந்த இடத்துக்கெல்லாம் மிதவை போட்டுட்டாங்க. மிச்ச இடம் நல்ல இடம்னு எல்லாப் பயலும் அங்கதான் முங்கப் போறான்."

"அதுல என்ன தப்பு?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கிழிந்த தாளை எடுத்தார். நெய்க்கறை. ஓரமெல்லாம் ஓட்டை. லைன் பிரிண்டர் தாள். போன வாரம் குழந்தைகளுக்கு மக்ரூன் வாங்கியபோது பொட்டலமாக வந்ததாம். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வெறுமையாக விட்டிருப்பதை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே'. அதோடு கிழிந்திருந்தது.

"ஆபீசர்ட்ட காட்டுனேன். மக்ரூன் தாளக் காட்டி குளிய நிறுத்தச் சொல்லுதியாலேன்னு கேட்டாரு."

ஏர்கண்டிஷனர் ஒருமுறை விக்கி மறுபடி ஓடியது. நான் வந்தது வியாழக்கிழமை.

அன்று பிற்பகலே நாசரேத் பஸ். டேப் ஞானராஜின் மனைவி எஸ்தரிடம் இருந்தது. என் மடியில் யாரோ ஓலைப்பெட்டியோடு ஒரு கோழியை வைத்துவிட்டு, "பிடிச்சுக்கிடுங்க, இந்தா வாரேன்" என்று இறங்கிப் போனவர், ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆழ்வார்திருநகரி வரை வரவில்லை. கூரை மேலே ஏறி உட்கார்ந்திருந்தாராம். ஆற்றுப் பக்கம் வயல் பச்சை கண்ணை நிறைத்தது. அதைத் தாண்டியதும் செம்மண், பனை. ஒரே சீராக நிற்கிற பனைகளைப் பார்த்துக்கொண்டே போனால் அவை நகர்ந்து நாம் நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

எஸ்தர் பள்ளிக்கூட ஆசிரியை. சோறும் பாறை மீன் குழம்பும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். பினாங்கில் நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடையில் இப்படித்தான் குழம்பை ஊற்றிச் சோற்றை முழுக்காட்டுவார்கள்; அந்தக் கடைக்காரர்களின் தாத்தாக்கள் காயல்பட்டினத்துப் பக்கம்தான் என்று சொன்னேன். லேசாகச் சிரித்தார். டேப் டப்பா மேசை மேல் ஞானராஜின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. தூசி இல்லை. தினமும் துடைக்கிறார்.

"ஒரு வருசம் ராப்பகலா அவிய எழுதுனது இதுக்குள்ளதான் இருக்கு. காதுல வச்சுக்கூடப் பாத்துட்டேன்" என்றார் எஸ்தர். "வெளிய எடுத்தா அவிய என்ன சொல்லுதாவன்னு எனக்கும் ஒரு வரி சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு ஆலையில் வேறொரு கம்பெனி இயந்திரம் இருக்கிறது, டேப்பை அதில் சுழற்றலாம் என்று ஆறுமுகம் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே போகிற பஸ் உப்பளங்களுக்கு நடுவே புகைவிட்டு நின்றது. நடந்தோம். நண்பகல். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் ஓலை போர்த்தி வரிசையாக உட்கார்ந்திருந்தன. காற்று அடித்தபோது எல்லா ஓலையும் ஒரே நேரத்தில் தூக்கித் தணிந்தன. மூச்சு விடுகிற மாதிரி. 

ஆலை ஆபரேட்டர் டேப்பை மாட்டினார். பிரிண்டர் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். மெய்யும் உயிரும் இல்லாத பாஷை. உளறல். பக்கம் பக்கமாக உளறல், ஆனால் இடையில் மூச்சு விடுகிற இடங்கள் இருந்தன. பத்தி முடிந்து பத்தி தொடங்கியது. யாரோ தெளிவாகப் பேசுகிறார், நமக்குத்தான் காது சரியில்லை என்கிற மாதிரி.

"என்ன இது, சாமி வந்தவன் பேசுத மாதிரி இருக்கு" என்றார் ஆலைக்காரர். "நிப்பாட்டிரவா?"

"வேண்டாம்" என்றேன். ஒன்றைக் கவனித்துவிட்டேன். எழுத்துகளைத்தான் அந்த முறை மடக்குகிறது, எண்களைத் தொடவில்லை. பக்க எண்கள் ஒழுங்காக வந்தன. இருபத்துமூன்றாம் பக்கத்தில் உளறலுக்கு நடுவே 7, 7, மறுபடி 7. வேறு எந்தப் பக்கத்திலும் அது தனியாக வரவில்லை.

"பக்கம் இருபத்துமூணு அண்ணே. அதுலதான் இருக்கு."

"இருந்து என்ன செய்ய?" என்றார் ஆறுமுகம். பிறகு அவரே நெற்றியைத் தட்டிக்கொண்டார். "திருத்தம் பாக்க சார் ஒவ்வொரு பக்கத்தையும் தாள்ல அச்சடிச்சுப் பாப்பாரு. முடிஞ்சதும் பழைய பேப்பர்ல போட்ருவோம். மூணு மாசத்துக்கு ஒருக்க எடைக்குப் போகும். மக்ரூன் கடைக்கு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு நெனச்சிய?"

சனிக்கிழமை காலை மக்ரூன் கடை. கடைக்காரர் அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்திருக்காமல் பொட்டலத் தாள் கட்டைக் காட்டினார். பெரும்பாலும் பள்ளிக்கூட விடைத்தாள்கள். நடுவில் ஞானராஜ் நாலைந்து பக்கம். நாலாம் பக்கத்தில், 'இதைப் படிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று எண்ணியே எழுதுகிறேன்' என்று இருந்தது. கையேடு எழுதுகிற எல்லாரும் அந்த நினைப்பில்தான் எழுதுகிறோம். ஆனாலும் வாயிலிருந்த மக்ரூன் இனிக்கவில்லை.

"என்ன தங்கச்சி, சரியா வேகலியா?" என்றார் அண்ணாச்சி. "ஒங்க மொகத்தப் பாத்தா யாவாரம் படுத்துரும் போலிருக்கே."

"மிச்சத் தாளெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"எடைக்காரன் கொஞ்சத்தத்தான் எனக்குத் தந்தான். கெட்டித் தாளுன்னு மொத்தத்தையும் சங்குக் கிட்டங்கிக்காரன் அள்ளிட்டான்."

சங்குக் கிட்டங்கி என்கிற அந்தக் கிடங்கு கடற்கரையை ஒட்டியிருந்தது. சங்கின் சதையை அழுகவிட்டுத்தான் எடுப்பார்கள். வாசலிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. கல்கத்தாவுக்குப் போகிற போன வருஷத்துச் சங்குகள் ஐந்து மரப்பெட்டிகளில். முதல் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். வரிசை வரிசையாகச் சங்குகள், ஒவ்வொன்றும் தாளில் சுற்றி, ஒவ்வொரு தாளிலும் அதே அச்சு. ஞானராஜ் அத்தனை வாயோடு பெட்டிக்குள் படுத்திருந்தார்.

கிட்டங்கிக் கணக்கர் சம்மதிக்கவில்லை. "சுத்துனதப் பிரிச்சா யாரு திரும்பச் சுத்துவா? ஓங்க அப்பனா?"

"நான் சுத்துறேன்" என்றேன்.

"மலேசியால இருந்து வந்து சங்கு சுத்தப் போறியளோ?" என்று சிரித்தார். ஆனால் விட்டார். ஆறுமுகம் பிரித்தார், நான் பக்க எண்ணைப் பார்த்தேன், திரும்பச் சுற்றினேன். எட்டு. முப்பத்தொன்று. எட்டு மறுபடியும். சில தாள்கள் சங்குச் சலத்தில் ஊறி எழுத்துக் கரைந்திருந்தன. கதவு வழியே வந்த காற்று திறந்த சங்குகளின் வாயில் பட்டுப் பட்டு மெல்ல ஊதியது. கணக்கர் பழகியவர், ஏட்டிலிருந்து தலை தூக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன்.

நான்காவது பெட்டி. பெரிய சங்கு. இருபத்துமூன்று.

'ஏழு என்றால் கேட்பவரின் தட்டு வந்தது. வெறுமை என்றால் தட்டு வரவில்லை. வெறுமையாக விட்டிருப்பதை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மருந்து இன்னும் காத்திருக்கிறது என்றே நடந்துகொள்ள வேண்டும்.'

ஆறுமுகம் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.  சங்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்பவர்னா யாரு?" என்று நான்தான் கணக்கரிடம் கேட்டேன்.

"வெடி கேக்குறவனா? அது நம்ம சூசைல்லா" என்றார் அவர், ஊருக்கே தெரிந்ததைக் கேட்கிறாளே என்கிற மாதிரி.

சங்கு அலுவலக அதிகாரி ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவைகுண்டம் போயிருந்தார். திங்கள் மதியம்தான் வருவார். சூசையை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பிடித்தோம். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது, நெஞ்சு மட்டும் இருபது வயதுக்காரனுடையது. சங்கு வள்ளங்களுக்கு வழிகாட்டி முன்னே போகிறவர். வெடி வைக்கும்போது தூரத்தில் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டு ஒவ்வொரு வெடியாகக் கேட்பது அவர் வேலையாக இருந்திருக்கிறது. பினாங்குப் பக்கத்திலும் இப்படிக் கடலுக்குள் தலைவிட்டு மீன் சத்தம் கேட்கிற மலாய்க்காரர்கள் உண்டு. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஒவ்வொரு குழி மருந்துலயும் ஒரு மஞ்ச ஒயரு இருக்கும். சுவிட்ச வரிசையா அமுக்குவாவ. எனக்குச் சத்தம் கேட்டுதுன்னா பலகைல ஒரு தட்டு. கேக்கலன்னா சும்மா இருப்பேன். மேல ஞானராஜ் சார் எழுதுவாரு" என்றார் சூசை. "பூராம் முடிஞ்சப்புறம் அந்தக் கேக்காத குழியெல்லாம் ஒண்ணொண்ணா வந்து தீத்துப் போடணும்னு சொல்லுவாரு. அதுக்குள்ள வேலையும் நின்னுது, அவரும் போயிட்டாரு."

ஆறுமுகம் மிதவை விஷயத்தைச் சொன்னார். சூசைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் இறங்கிவிட்டது.

"ஏலே ஆறுமுகம். வெடிச்சு முடிஞ்ச குழிக்கா காவல் போட்ருக்கிய?"

"தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்லே. நீ ஏழச் சொல்லிருக்க."

கார்டுகளைக் கோயில் வளாகத்திலேயே பரப்பி வெறுமையானவற்றைப் பொறுக்கினோம். பதினொன்று. அடிக்கணக்கு சூசைக்குப் பயன்படாது. கலங்கரை விளக்கத்திலிருந்து இத்தனை என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு, "கோயில் சிலுவையும் ஆலைப் புகைக்கூண்டும் ஒண்ணா நிக்க எடம்" என்று கரை அடையாளமாக மாற்றினார். வள்ளக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். கேட்டுக்கொண்டார்கள்.  ஒருவர் மட்டும், "அப்போ நாளைக்கு மிதவைக்குள்ளதான் முங்கணுமாக்கும்" என்றார். சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

பிறகு ஒருவர் கேட்டார்: "சேவியருக்கு யாரு சொல்லுவா?"

சேவியர் சூசையின் அண்ணன் மகன். புதுப் பாரில் முதல் ஆளாக முங்க வேண்டும் என்று சனிக்கிழமையே இன்னொருவனோடு வள்ளத்தை எடுத்துக்கொண்டு பாருக்குப் பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டான்.

"இன்னைக்கு முங்க மாட்டான், ஞாயித்துக்கிழம. நாளைக்கும் வெயில் தண்ணிக்குள்ள இறங்கி அடி தெரிஞ்சாத்தான் முங்குவான்" என்றார் சூசை. "இப்பம் எதிர்க்காத்து. விடிய முன்ன கரைக்காத்துல விட்டா அவனுக்கு முந்திப் போயிரலாம்." சொல்லிவிட்டு அடிவானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை விடியற்காலை வள்ளத்தில் என்னை ஏற்றுவதற்கு ஒருவர் தயங்கினார். பொம்பளை ஏறினால் ஆகாதாம். "கணக்கு அது கையில இருக்கு. ஏத்துலே" என்றார் சூசை. கார்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். ஆறுமுகம் எதிரில், பென்சிலைக் காதில் செருகியபடி.

கரைக்காற்று பாதி வழியில் விழுந்துவிட்டது.

அப்படி ஒரு அமைதியை நான் கடலில் பார்த்ததில்லை. பினாங்கு நீரிணையில் ஏதாவது ஒரு படகு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே பாய் செத்த துணியாகத் தொங்கியது. தண்ணீர் பால் மாதிரி, வானமும் அதே நிறம், நடுவே கோடு இல்லை. துடுப்பு எடுத்தார்கள். சூரியன் ஏறியது. யாரும் வேகமாகப் போ என்று சொல்லவில்லை. எல்லோரும் வேகமாகத்தான் போட்டார்கள். மூச்சும் துடுப்பும் தவிர எதுவும் கேட்கவில்லை.

மிதவைகள் தெரிந்தன. கறுப்பு டப்பாக்கள், கழுத்துவரை தண்ணீரில் நிற்கிற ஆட்கள் மாதிரி, வரிசையாக, அசையாமல். அவற்றைத் தாண்டிச் சுத்தமான வெறும் தண்ணீரில் சேவியரின் வள்ளம். கார்டைப் பார்த்தேன். சூசை கரையைத் திரும்பிப் பார்த்தார். சிலுவையும் புகைக்கூண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

வள்ளத்தில் ஒருவன்தான் இருந்தான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

"எங்கலே அவன்?" என்றார் சூசை.

"முங்கிட்டான். முத முங்கு" என்றான் அவன் பெருமையாக.

"கயித்த இழு!"

இழுத்தான். கல் கட்டிய கயிறு லேசாக வந்தது. அதில் ஆள் இல்லை. அடியில் இறங்கிக் கயிற்றை விட்டுவிட்டுச் சங்கு தேடப் போயிருக்கிறான். சூசை துடுப்பைத் திருப்பி அதன் தலையால் வள்ளத்தின் அடிப்பலகையில் தட்டினார். தட், தட், தட். நிறுத்தினார். மறுபடி தட்டினார். ஆறுமுகம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஏதோ முனகினார். பிரார்த்தனையா எண்ணிக்கையா தெரியவில்லை.  

பத்து முழம் தள்ளித் தண்ணீர் பிளந்தது. சேவியர் மூச்சை ஊதிக்கொண்டு வந்தான். இடுப்பு வலையில் மூன்று சங்கு.

"என்ன சித்தப்பா, முத முங்குலயே கூப்பாடு?" என்றான். "கீழ ஒண்ணு வளந்து நிக்கு. ஆடுது. என்னன்னு இழுத்துப் பாக்கதுக்குள்ள தட்டுதிய."

நீந்தி வந்து எங்கள் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தான். அவன் வலது காலின் விரலிடுக்கில், தண்ணீருக்குள், மஞ்சள் ஒயர். அதன் மறுமுனை செங்குத்தாகக் கீழே போய் இருட்டில் மறைந்தது.

சூசை கத்துவார் என்று நினைத்தேன். தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில் பேசினார். "இழுக்காத மக்கா. கால ஆட்டாத. வெரல மட்டும் விரி."

சேவியர் அவர் முகத்தைப் பார்த்தான். விரலை விரித்தான். ஒயர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு வளைந்து, சுருண்டு, அவசரமே இல்லாமல் இறங்கியது. மஞ்சள் பச்சையாகி, பச்சை இல்லாமல் போகிறவரை எல்லோரும் பார்த்தோம். துடுப்புகள் தண்ணீருக்கு மேலே சொட்டிக்கொண்டு நின்றன.

அவனைத் தூக்கி உள்ளே போட்டார்கள்.  எல்லோரும் நடுவே நெருங்கி உட்கார்ந்துவிட்டோம். இங்கேயும் ஒரு மிதவை போடலாம் என்று கயிறு கட்டிய டப்பா ஒன்றும் நங்கூரக் கல் ஒன்றும் கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் கல்லைத் தூக்கினார். கீழே விடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் வாங்கவில்லை. கல் திரும்ப வள்ளத்துக்குள் வந்து மெதுவாக உட்கார்ந்தது.

"அந்தக் கார்டத் தாங்க தங்கச்சி" என்றார் ஆறுமுகம்.

கொடுத்தேன். முழங்கால் மேல் வைத்து, எண்களுக்குக் கீழே, கடைசி வெறும் கட்டத்திலிருந்து தொடங்கி அட்டையின் குறுக்கே, பென்சிலால் தமிழில் பெரிது பெரிதாக எழுதினார். எழுத்துப் பிள்ளை எழுத்து மாதிரி வந்தது. சேவியர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவனாம். அட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

"சிலுவையும்... புகைக்கூண்டும்... ஒண்ணா நிக்க எடம். இங்கன மருந்து உயிரோட இருக்கு. முங்காத."

படித்து முடித்த பிறகுதான் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான்.